பொருள்: முகாம் அந்தெனா கையேடு – ‘தரைக்கம்பி’ என்று அச்சிடலாமா?

ஆசிரியை, சுங்கை சிப்புட்:
குழுவினருக்கு வணக்கம். அக்டோபர் மூன்றாம் வார இறுதியில் சாரணர்களின் வானலைக் கூடல், அதாவது ரேடியோவில் மற்ற முகாம்களோடு பேசும் நிகழ்ச்சி. 1958 முதல் உலகெங்கும் நடப்பது. தோட்டத் திடலில் கூடாரம் போடுகிறோம். மாணவர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். அந்தெனாவுக்கு ‘அலைவாங்கி’ என்று எழுதிவிட்டேன். அந்தெனாவுக்கு எதிர்முனையாக இணைக்கும் கம்பியான ‘கவுண்டர்பாய்ஸ்’ மட்டும் இடிக்கிறது. இப்போதைக்குத் ‘தரைக்கம்பி’. சரிதானா?

வானொலி உரிமக்காரர், ஈப்போ:
டீச்சர், ‘தரைக்கம்பி’ வேண்டவே வேண்டாம். அதைப் படிக்கிற பையன் இரும்பு முளை தேடுவான், கம்பியை அதில் கட்டி மண்ணில் அடிப்பான். இது மண்ணைத் தேடும் கம்பி இல்லை. அந்தெனாவில் ஓடும் மின்னோட்டத்துக்கு மறுபக்கம் ஒன்று வேண்டும். அந்த மறுபக்கம்தான் இது. கொடுக்காவிட்டால் மின்னோட்டம் ரேடியோவையும் அந்தெனாவையும் இணைக்கும் கோஆக்ஸ் வடத்தின் வெளிப்பின்னலில் ஏறி ரேடியோ வரை வந்துவிடும். மைக்கைத் தொட்டால் சுரீரென்னும். வடத்தை நகர்த்தும்போதெல்லாம் நிலையலை விகிதம் (அனுப்பும் திறனில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு) மாறும்.

கையேட்டில் எந்த அந்தெனா என்று சொல்லவில்லையே? 14 மெகாஹெர்ட்ஸில் 5 மீட்டர் செங்குத்துக் கம்பி நட்டால் அலை தாழ்வாகப் பாய்ந்து தூர தேசம் போகும். ஜோகூர் முகாம் காதில் விழாது. கீழே குறைந்தது நான்கு கம்பிகளும் விரிக்கவேண்டும், பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். பகலில் தீபகற்பத்துக்குள் பேச 7 மெகாஹெர்ட்ஸ்தான். கம்பி தாழ்வாக இருந்தால் அலை மேலே போய் அருகிலேயே இறங்கும். 6 மீட்டர் உயரம் போதும். முனையில் ஊட்டும் அரையலைக் கம்பியை, அதாவது அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதி நீளமுள்ள, ஒரு முனையில் வடம் இணைக்கும் கம்பியை எடுங்கள். 143ஐ 7.1ஆல் வகுத்தால் 20.1 மீட்டர். ஒரு மரம் போதும், சுருட்டினால் பைக்குள் அடங்கும். கவுண்டர்பாய்ஸ் அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 2 மீட்டருக்குச் சற்று மேல்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தெலுக் இந்தான்:
அன்புடையீர், ‘மறுபக்கம்’ என்றதும் எனக்குத் தோன்றியது காண்டா. பால்மரக் (ரப்பர்) காட்டில் தோளில் கம்பு வைத்து இரு முனையிலும் வாளி தொங்கவிட்டுச் சுமந்தோமே, அதே காண்டா. மலாயில் கண்டார், நாசி கண்டார் என்னும் சோற்றின் பெயரிலும் அச்சொல்லே. ஒரு வாளி மட்டும் இருந்தால் கம்பு சாயும். கவுண்டர்பாய்ஸும் மறுமுனை வாளிதான். இதற்கு நிகரான நம் சொல் ‘கா’. காவடியில் உள்ள கா. ஔவையார் புறநானூறு 206இல் ‘காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை’ என்கிறார். கலத்தைத் தோளில் காவி, பையைச் சுருக்கிப் புறப்படுவது! எடுத்துச் செல்லும் அந்தெனாவுக்குக் ‘காவுகம்பி’, எதிர்முனைக்குக் ‘காண்டாக்கம்பி’ என்று வைக்கலாம்.

அந்தெனா என்பதே இலத்தீனில் பாய்மரக் குறுக்குக் கட்டை. புறம் 30இல் மரக்கலத்தின் ‘கூம்பு’ வருகிறது. ‘அலைக்கூம்பு’ என்றால் மூலப்பொருளும் கெடாது.

மொழிபெயர்ப்பாளர், கிள்ளான்:
ஐயா, கூம்பு என்றதும் நான்காம் ஆண்டுப் பிள்ளை ஐஸ்கிரீம் கூம்பை வரைவாள். கணிதப் பாடத்தில் அது இடம்பிடித்துவிட்டது. ‘காவு’ இங்கே கோயில் பலியைத்தான் நினைவூட்டும். இலங்கையில் காவி என்றால் நோய்க்காவி. ‘அலைவாங்கி’யிலும் எனக்கு ஒப்புதல் இல்லை, அது அனுப்பவும் செய்கிறதே, வாங்குவதை மட்டும் ஏன் சொல்லவேண்டும்? ‘அலைக்கம்பி’ இரண்டுக்கும் பொருந்தும். எதிர்முனைக்கு ‘ஈடுகம்பி’ என்கிறேன். இடு, ஈடு: சுடு சூடானது போல முதனிலை திரிந்த தொழிற்பெயர். குறைவதை ஈடுசெய்யும் கம்பி.

தமிழாசிரியர்:
ஈடு என்றால் அடகு, ஈடு என்றால் திருவாய்மொழி உரை. அதை விடுவோம். நெடில்தொடர்க் குற்றியலுகரம் வேற்றுமையில் இரட்டும். வீட்டுக்கதவு போல ‘ஈட்டுக்கம்பி’ என்றல்லவா வரவேண்டும்?

மொழிபெயர்ப்பாளர்:
‘ஈடாகிய கம்பி’ என்று விரித்தால் அல்வழி, ஐயா. வன்தொடர் அல்லாத குற்றியலுகரத்தின் முன் அல்வழியில் வல்லினம் மிகாது. ‘ஈடுகம்பி’ நிற்கும்.

உரிமக்காரர்:
ஐயா, அம்மா, சொல் எதுவானாலும் கம்பியைத் தவறாகக் கட்டினால் பேச்சு வராது. இவற்றைக் கையேட்டில் சேருங்கள், டீச்சர்.

ஊட்டும் முனையில் 49க்கு 1 மின்மாற்றி: எஃப்டி 240-43 பெர்ரைட் வளையத்தில் முதன்மைச் சுருளில் 2 சுற்று, துணைச் சுருளில் 14 சுற்று. முதன்மைச் சுருளின் குறுக்கே 100 பிக்கோஃபாரட் மின்தேக்கி. ஈடுகம்பி கோஆக்ஸின் வெளிப்பின்னல் பக்கத்தில்.

கம்பியை 21 மீட்டராக வெட்டுங்கள், பிறகு முனையை மடித்துக் குறையுங்கள். ஒத்திசைவு, அதாவது கம்பி ஒத்திசையும் அதிர்வெண், 100 கிலோஹெர்ட்ஸ் தாழ்ந்திருந்தால் ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் மடிக்கவேண்டும். வெட்டாதீர்கள், அடுத்த இடத்தில் நீட்ட வேண்டிவரும்.

செம்பனையில் கட்டாதீர்கள். மட்டையின் முள்ளில் கம்பி சிக்கும், நனைந்த ஓலை கம்பி முனையைத் தொட்டால் ஒத்திசைவு நகரும். பால்மரக் கிளைக்கு மேல் 200 கிராம் எடை கட்டிய நைலான் கயிற்றை வீசி, கயிற்றில் கம்பியைக் கட்டி இழுங்கள். மீன்தூண்டில் கம்பத்தை நட்டால் கண்ணாடியிழையா என்று பாருங்கள். கார்பன் மின்சாரம் கடத்தும்.

கம்பி முனையில் 10 வாட்டிலேயே 150 வோல்ட்டைத் தாண்டும். ஊட்டும் முனையும் அப்படியே. இரண்டும் பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது. பிற்பகல் இடி முழங்கினால் வடத்தைக் கழற்றிக் கூடாரத்துக்கு வெளியே போடுங்கள்.

ஆசிரியை:
நன்றி. ‘அலைக்கம்பி’, ‘ஈடுகம்பி’ என்று மாற்றிவிட்டேன். பக்கம் 2இல் மட்டும் ‘ஈடுகம்பி, அதாவது கவுண்டர்பாய்ஸ்’ என்று ஒருமுறை வரும். ரேடியோக்காரர்கள் வாயில் அதுதானே வரும். ஐயா, மன்னிக்கவும், காண்டாவுக்கு இடமில்லை.

தமிழாசிரியர்:
அச்சுக்கு உங்கள் சொல்லே போகட்டும், அம்மா. என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈடு என்பதைப் பிள்ளை அகராதியில் தேடவேண்டும். காண்டாவைப் பாட்டியிடம் கேட்டால் தோளில் வைத்தே காட்டுவாள். படத்திலாவது ஈடுகம்பியைத் தரையில் புதையாமல், புல்லுக்கு ஒரு சாண் மேலே வரையச் சொல்லுங்கள்.