அப்பாவின் சதாபிஷேகம்: திருக்கடையூரும் தரங்கம்பாடியும்

எங்கள் அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் ஜூன் மாதத் தேதி ஒன்று இருக்கிறது; அவர் பிறந்ததோ மாசி மாதம், சித்திரை நட்சத்திரம். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியாரே ஒரு தேதியைப் போட்டுக்கொண்ட தலைமுறை அது. ஆயிரம் பிறை கண்டவருக்குச் சதாபிஷேகம் என்ற கணக்கைப் பெரியம்மா விடாமல் பிடித்துக்கொண்டார். ஆண்டுக்கு 12 முழுநிலவும், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடுதலாக ஒன்றும் வருவதால், 80 முடிந்து பத்து மாதம் அளவில்தான் ஆயிரம் நிறைகிறது. ஆகவே தை மாதத்தில் சித்திரை நட்சத்திரம் கூடிய நாளைக் குறித்தோம்.

சென்னையிலிருந்து திருக்கடையூர் ஏறக்குறைய 270 கிலோமீட்டர். டெம்போ டிராவலரின் படி உயரம் என்பதால் ஒரு முக்காலியையும் எடுத்துக்கொண்டோம்; பயணத்தில் அதிகம் பயன்பட்ட பொருள் அதுதான். முதியவர்களைக் கடைசி இருக்கையில் அமர்த்தாதீர்கள், வேகத்தடை ஒவ்வொன்றும் அவர்கள் இடுப்பில்தான் விழும். முன்தினமே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது, ஏனெனில் சடங்கு விடியற்காலையிலேயே தொடங்கிவிடுகிறது.

மார்க்கண்டேயனின் உயிரைக் கவர வந்த யமனைச் சிவன் உதைத்த தலம், சிவன் வீரச்செயல் புரிந்த எட்டுத் தலங்களான அட்ட வீரட்டங்களுள் ஒன்று என்பதால், அறுபதும் எழுபதும் எண்பதும் நிறைந்த தம்பதியர் அங்கே வரிசையாக மாலையும் கழுத்துமாக அமர்ந்திருந்தனர். கோபூஜையும் கஜபூஜையும் முடிந்து ஹோமத்திற்காகக் காத்திருந்தபோது, பக்கத்து மணையில் இருந்தவர் அப்பாவின் வயதைக் கேட்டார். எண்பது என்றதும், "அப்போ நீங்க முன்னாடி போங்கய்யா, எங்களுக்கு இப்பதான் அறுபது, இன்னும் இருபது வருஷம் கழிச்சு உங்க இடத்துக்கு வர்றோம்" என்றார். அதுவரை இறுக்கமாக உட்கார்ந்திருந்த அப்பா முதன்முறையாகச் சிரித்தார். பிறகு சல்லடையைத் தலைக்கு மேல் பிடித்து, மகன், மகள், பேரப்பிள்ளைகள் என ஒவ்வொருவராகக் கலச நீரை ஊற்றினோம். தை மாதக் குளிரில் அம்மாவுக்கு நடுக்கம் எடுத்தது. உலர்ந்த புடவையும் துண்டும் அறையில் இருந்தால் போதாது, கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

மாலையில் எங்கே போகலாம் என்று கேட்டபோது, அப்பா தயங்காமல் தரங்கம்பாடி என்றார். அச்சகத்தில் அச்சுக் கோத்தே எங்களைப் படிக்கவைத்தவர் அவர். பிள்ளைகள் டேனியர் 1620இல் எழுப்பிய கோட்டையின் மேல் ஓடிக்கொண்டிருக்க, அவர் ராஜ வீதியில் 1718இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்துக்குத்தான் போக வேண்டும் என்றார். 1706இல் இந்தக் கரையில் வந்து இறங்கி, தமிழ் கற்று, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். காலையில் கோயிலில் புரோகிதர் சொன்னபடியெல்லாம் செய்துகொண்டிருந்த மனிதர், இங்கே தாமாகவே கைகூப்பி நின்றார். சதாபிஷேகத்தை நாங்கள் அவருக்காகச் செய்தோம், அவர் தமக்காகக் கேட்டது இந்த ஓர் இடத்தைத்தான் என்று எனக்குப் பட்டது.

திரும்பும் வழியில், ஈய எழுத்தை ஏன் தலைகீழாக அடுக்க வேண்டும் என்று பேத்தி கேட்டாள். வேனின் பக்கக் கண்ணாடியில் பின்னால் வந்த பேருந்தின் பெயர்ப்பலகையைக் காட்டி அவர் தொடங்கிய விளக்கம், சீர்காழி தாண்டியும் முடியவில்லை.