அம்மம்மாவுக்குச் சத்திரசிகிச்சை: மயக்க மருந்து பற்றி அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

உறவுகளே, உப்புவெளியில் இருக்கும் எங்கள் அம்மம்மாவுக்கு 81 வயது. விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, திருகோணமலையிலேயே சத்திரசிகிச்சை. முதுகில் ஊசி போட்டு விறைக்கச் செய்வதா, முழு மயக்கமா என்று வீட்டில் ஒரே வாக்குவாதம். 2021இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், பின்னர் வரும் மனக்குழப்பம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். அதனால் அந்த முடிவை மயக்க மருந்து வைத்தியரிடமே விட்டுவிட்டோம்.

எனக்குப் பயமெல்லாம் அந்தக் குழப்பம்தான். கண் விழித்தவுடன் மூக்குக்கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் கொடுக்க வேண்டும், பழகிய முகம் பக்கத்தில் இருக்க வேண்டும். இரவில் வார்டில் துணைக்கு இருக்க அனுமதி பெற்றவர்கள் உண்டா? யாரிடம் கேட்டீர்கள்? குருதி உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரை, தூக்க மாத்திரை இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். வைத்தியரிடம் முன்கூட்டியே வேறு என்ன சொல்ல வேண்டும்? தயவுசெய்து எழுதுங்கள்.