லோயர் ஆர்ம் புஷ்: உள்ளுறையா, நெகிழுறையா?

> பித்தளை புஷ்ஷை 'உள்ளுறை' என்று எழுதுகிறோம். சஸ்பென்ஷன் கையேட்டிலும் அதையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. பித்தளை புஷ்ஷில் தண்டு வழுக்கிச் சுழலும், எண்ணெய் விடுவோம். லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் கை; அதன் புஷ்ஷில் எதுவும் வழுக்காது. வெளியே ஓர் இரும்புக் குழல், உள்ளே ஒன்று, இரண்டோடும் ஒட்டிய ரப்பர் நடுவில். உள்குழலை போல்ட் சப்ஃபிரேமோடு (ஆர்ம் பொருந்தும் அடிச்சட்டம்) இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும். உள்ளுறை என்று படிக்கிறவர் கிரீஸ் வைப்பார். இயற்கை ரப்பரில் சாதாரண கிரீஸ் பட்டால் உப்பி, மெத்தென்றாகிக் கிழியும். அதனால் 'நெகிழுறை' என்கிறேன்.

> கடையில் போய் நெகிழுறை கேட்டால் சிரிப்பார்கள்.

கடையில் 'புஷ்' என்றே கேட்கட்டும். கையேட்டில் முதல்முறை இரண்டையும் சேர்த்து எழுதினால் போதும். பால் ஜாயிண்டுக்கு அந்தத் தொல்லையே இல்லை. பள்ளிப் பாடத்தில் தோள்மூட்டுக்குச் சொல்லும் 'பந்துக் கிண்ண மூட்டு' இருக்கிறது. 'நெகிழுறை' என்ற சொல் உட்காருகிறதா என்று பார்க்க, கையேட்டுக்கு ஒரு பத்தி:

"பிரேக் பிடிக்கையில் 'டொக்' என்ற சத்தம், வண்டி ஒருபக்கம் இழுத்தல், டயரின் ஓர் ஓரம் மட்டும் தேய்தல்: இவை இருந்தால் நெகிழுறையைப் பாருங்கள். காரை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆர்முக்கும் சப்ஃபிரேமுக்கும் நடுவே கம்பி கொடுத்து நெம்புங்கள். மேலாக மயிரிழை வெடிப்பு மட்டும் என்றால் விட்டுவிடலாம். ரப்பர் குழலைவிட்டுப் பிரிந்திருந்தால் மாற்றவேண்டும். பழையது எந்தத் திசையில் உட்கார்ந்திருந்தது என்று ஆர்மில் குறித்துக்கொள்ளுங்கள்; ரப்பரில் இடைவெளி விட்ட வகைகளுக்கு இது முக்கியம். பிரஸ்ஸில் ஏற்றும்போது அழுத்தம் வெளிக்குழலில் மட்டும் விழவேண்டும், உள்குழலில் விழுந்தால் ஒட்டு விட்டுப்போகும். போல்ட்டை இப்போது லேசாகப் போட்டு, நான்கு சக்கரமும் தரையில் ஊன்றிய பிறகே முழு டார்க்குக்கு (குறித்த இறுக்க அளவு) இறுக்குங்கள். கடைசியில் வீல் அலைன்மென்ட்."

போல்ட் வாக்கியத்துக்குக் காரணமும் சேர்க்கவேண்டும். ஆர்ம் தொங்கும்போதே இறுக்கினால் அந்தக் கோணமே ரப்பருக்கு ஓய்வுநிலை ஆகிவிடும். கார் இறங்கியதும், நின்றுகொண்டிருக்கும்போதுகூட, அது முறுக்கியபடியே கிடக்கும். புதுப் புஷ் சீக்கிரமே கிழிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பழி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் தலையில் விழும்.

> பாலியூரித்தேன் புஷ்ஷும் நெகிழுறைதானா? அதற்கு கிரீஸ் பாக்கெட் சேர்த்தே தருகிறார்களே.

பெரும்பாலானவற்றில் உள்குழல் வழுக்கித்தான் திரும்பும், அதனால்தான் அந்த கிரீஸ். அதற்கு நீங்கள் சொன்ன 'உள்ளுறை' பொருந்தும்.