ஹார்ட் டிஸ்க் காட்டுதில்ல, ஆராவது உதவுங்க, அவசரம்

கழுதாவளை_வெற்றிலை · இரவு 9.12
எல்லாருக்கும் வணக்கம். வெளி ஹார்ட் டிஸ்க்க லெப்டொப்பில குத்தினா காட்டுதில்ல. போன கிழமை வரைக்கும் நல்லா வேலை செஞ்சது. உள்ளுக்க முக்கியமான வீடியோ கனக்க இரிக்கு. என்ன சொப்ட்வெயார் போட்டா எடுக்கலாம்? நாளைக்கு வேணும். நன்றி.

பாடுமீன்82 · 9.20
எத்தனை டெராபைட்? எத்தனை வருசம் பாவிச்சது? லைட் எரியுதா? காதுக்குக் கிட்ட வைச்சா ஏதும் சத்தம் கேக்குதா? விண்டோஸா மெக்கா? எங்கயும் விழுந்ததா?

அக்கரைப்பற்றான் · 9.22
கேபிள்தான். வேற ஒண்டுமில்ல. என்டயும் இப்படித்தான் ஒரு மாசம் காட்டாம இரிந்த. கேபிள மாத்தின உடனே ஓடின.

வாவிக்கரையான் · 9.25
எந்தக் கம்பனி தம்பி?

கழுதாவளை_வெற்றிலை · 9.41
கறுப்பு. சின்னது. லைட் எரியுது. விண்டோஸ். நான் தம்பி இல்ல.

வாவிக்கரையான் · 9.43
மன்னிக்கோணும் தங்கச்சி. ஆனா நான் கேட்டது கம்பனிய, நிறத்த இல்ல.

குழு நிர்வாகம் · 9.44
கம்பனிப் பெயர் போட்டு ஏச வேண்டாம். போன முறை அந்தச் சண்டை மூணு நாள் நடந்தது.

டெக்_வாத்தி · 9.50
இதே கேள்விக்கு இந்தக் குழுவில முப்பது தரமாவது பதில் எழுதியிருப்பன். மேல தேடுற கட்டம் எண்டு ஒண்டு இரிக்கு, அழுத்திப் பாருங்க. ‘முக்கியமான வீடியோ’ எண்டு எழுதுறவங்க எல்லாரும் ஒரே ஒரு கொப்பியோடதான் வந்து நிக்கிறாங்க. பீட்டர் குரோக் எண்ட போட்டோகிராபர் பரப்பின கணக்கு 3-2-1: மூணு கொப்பி, ரெண்டு வகைச் சாமான், ஒண்டு வேற இடத்துல. அதப் படிச்சிட்டு வாங்க. பழுதானதுக்குக் காரணம் எங்கட ஊர் வெக்கை. வேற ஆராய ஒண்டுமில்ல.

பாடுமீன்82 · 9.58
வாத்தி அண்ணன், 3-2-1 சரி. அத இப்ப சொல்லி அவவுக்கு என்ன பிரயோசனம்? வெக்கைக் கதைய நான் ஒத்துக்கொள்ள மாட்டன். 2007ல கூகிள்காரங்க ஒரு லட்சத்துக்கு மேல ஹார்ட் டிஸ்க்க வைச்சு ஆராய்ஞ்சாங்க. சூட்டுக்கும் பழுதுக்கும் நாங்க நினைக்கிற அளவு தொடர்பு இல்லையாம். மிச்சம் கூடின சூட்டிலயும் பழைய டிஸ்க்கிலயும்தான் கொஞ்சம் தெரிஞ்சதாம். எனக்குப் பயமாக் கிடந்தது வேற விசயம். செத்த டிஸ்க்கில பாதிக்கு மேல, 56 வீதம், ஸ்மார்ட் எண்டு டிஸ்க் தன்ட நிலைய தானே எழுதி வைக்கிற கணக்கில பெரிசா நம்புற நாலு எச்சரிக்கையில ஒண்டக்கூடக் காட்டாமத்தான் செத்திரிக்கு.
தங்கச்சி, சத்தம் கேக்குதா எண்டு இன்னும் சொல்லல்ல.

கழுதாவளை_வெற்றிலை · 10.15
கேபிள் மாத்திப் பார்த்தன், இல்ல. சத்தம் கேக்குது. டிக் டிக் டிக் எண்டு போட்டு நிக்கும், பொறகு திரும்பவும் டிக் டிக். பல்லி சொல்ற மாதிரி.

வாவிக்கரையான் · 10.16
எந்தத் திசையில சொல்லுது? பலன் பார்ப்பம்.

பாடுமீன்82 · 10.17
பகிடிய விடுங்க. தங்கச்சி, இப்பவே கழட்டுங்க. திரும்பக் குத்த வேண்டாம். உள்ளுக்க தட்டு சுத்தக்குள்ள, ஹெட் எண்டுற வாசிக்கிற முனை அதுக்கு மேல சில நானோமீட்டர் உயரத்துலதான் மிதக்கும். தட்டுல இரிக்கிற அடையாளத்த வாசிக்க ஏலாமப் போனா திரும்பி வந்து, திரும்பவும் போய்ப் பார்க்கும். அந்தப் போய் வாறதுதான் பல்லிச் சத்தம். ஹெட் வளைஞ்சிருந்தா ஒவ்வொரு தரமும் தட்டச் சுரண்டும். சுரண்டின இடத்துல இரிந்தத ஆராலயும் எடுக்க ஏலாது. இதுக்கு சொப்ட்வெயார் இல்ல. உண்மையச் சொல்லுங்க, விழுந்ததா?

களுவாஞ்சி_மெக்கானிக் · 10.24
பொலித்தீன்ல நல்லாச் சுத்தி ஒரு ராத்திரி ப்ரீசர்ல வைங்க. விடியப் போடுங்க, ஓடும். நான் செஞ்சிரிக்கன்.

பாடுமீன்82 · 10.26
வேண்டாம்! வெளிய எடுத்த உடனே உள்ளுக்க வேர்க்கும். தட்டுல தண்ணி படிஞ்சா முடிஞ்சது. எப்பயோ பழைய டிஸ்க் ஒண்டு ரெண்டு ஓடியிருக்கும், அத வைச்சு இன்னும் எல்லாரும் இதையே சொல்லிக்கொண்டு திரியிறாங்க.

களுவாஞ்சி_மெக்கானிக் · 10.29
சரி, அப்ப இதே மாதிரி இன்னொண்டு வாங்கி அடி போர்ட்ட மாத்தலாம் தானே?

பாடுமீன்82 · 10.33
போர்ட்டில ஒரு சின்ன ரொம் சிப் இரிக்கு. அந்த டிஸ்க்குக்கே உரிய அளவுக் கணக்கு அதுக்குள்ள. அதையும் கழட்டி ஒட்டாட்டி புதுப் போர்ட் சும்மா. அதோட சின்ன வெளி டிஸ்க் சிலதில யூஎஸ்பி வாயே போர்ட்டில ஒட்டித்தான் வரும். தட்டு சுத்துது, லைட் எரியுது, சத்தம் வருது. போர்ட் இல்ல, ஹெட்.

கழுதாவளை_வெற்றிலை · 10.52
விழல்ல. மகன் இப்பதான் சொல்றான், கதிரையில இரிந்து சரிஞ்சதாம். ஓடிக்கொண்டிருக்கக்குள்ளதானாம். முழங்கால் உயரம்தான். மூணு நாளாச் சொல்லாம இரிந்திரிக்கான். விண்டோஸில டிஸ்க்கச் சரிபார்க்கிற செக்டிஸ்க்கும் நான் ஓட்டினன், பாதியில நிண்டிட்டு.

டெக்_வாத்தி · 10.54
இதத்தான் முதல் வரியில எழுதியிருக்கோணும்.

அக்கரைப்பற்றான் · 10.55
அப்ப கேபிள் இல்ல போல.

மருதமுனை_தறி · 10.58
லாத்தா, மகனுக்கு அடிச்சிராதீங்க. அப்பிடி என்ன வீடியோ?

கழுதாவளை_வெற்றிலை · 11.04
அப்பா கூத்து அண்ணாவியார், கூத்துப் பழக்கிறவர். போன வருசம் மோசம் போயிட்டார். பெடியனுகளுக்கு மத்தளம் சொல்லிக்குடுக்கிறது, ஆட்டம் பழக்கிறது, 2023ல கூத்தக் களரி, மேடை, ஏத்தினது எல்லாம் அதுலதான். நாளைக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்துல போட்டுக் காட்டுறம் எண்டு சொல்லிட்டன்.

(பத்து நிமிசத்துக்கு ஆரும் ஒண்டும் எழுதல்ல.)

பாடுமீன்82 · 11.15
தங்கச்சி, நாளைக்கு நடக்காது. பள்ளிக்கூடத்துக்கு இப்பவே சொல்லிருங்க. செய்ய வேண்டியது இதுதான். ஹார்ட் டிஸ்க்க துணியில சுத்தி அலுமாரியில வைங்க. கொழும்பில தூசி இல்லாத அறை வைச்சு ஹெட் மாத்துறவங்க இரிக்காங்க. பார்க்கிறதுக்கே காசா, எடுக்க ஏலாட்டியும் காசா எண்டு முதல்ல கேளுங்க. போன் திருத்துற கடையில குடுக்க வேண்டாம், திறந்து பார்த்துட்டுத் தருவாங்க, அதோட சரி. கையில காசு இல்லாட்டி அவசரப்பட வேண்டாம். கரண்ட் குடுக்காம வைச்சா வருசம் போனாலும் இப்ப இரிக்கிற மாதிரித்தான் இரிக்கும். குத்தக் குத்தத்தான் கெடும்.
இன்னொண்டு. அந்த வீடியோவ எதால எடுத்தீங்க? போனா, கமெராவா? கமெரா எண்டா அந்த மெமரி கார்ட் எங்க?

டெக்_வாத்தி · 11.19
சுத்துற தட்டு இல்லாத எஸ்எஸ்டி வாங்கியிருந்தா இந்தக் கதையே இல்ல. விழுந்தாலும் ஒண்டும் ஆகாது.

வாவிக்கரையான் · 11.22
எஸ்எஸ்டிய அலுமாரியில வைச்சுட்டு மறந்தா? சிப் சாமானுக்குத் தரம் வகுக்கிற ஜெடெக் அமைப்புட கணக்குப்படி, எழுதி எழுதித் தேய்ஞ்ச எஸ்எஸ்டி கரண்ட் இல்லாம 30 பாகையில ஒரு வருசம் உள்ள இரிக்கிறத அழியாம வைச்சிருந்தாப் போதுமாம். எங்கட வீட்டுல 30 பாகை விடியப்புறத்துலயே வந்திரும். புதுசு கூடக் காலம் தாங்கும்தான், எண்டாலும் பூட்டி வைக்கிற சாமான் அது இல்ல.

டெக்_வாத்தி · 11.25
அப்ப கிளவுட்ல போடுங்க. 2025லயும் பென்டிரைவ் கதையா?

அக்கரைப்பற்றான் · 11.28
கூகிள் சும்மா தாறது 15 ஜிபி. அவங்களுக்கு 400 ஜிபி இரிந்தா? 5 எம்பிபிஎஸ்ல ஏத்தினா இரவு பகல் நிக்காம ஏழு நாளுக்கு மேல. டேட்டாக்குக் காசு நீங்க தருவீங்களா சேர்?

டெக்_வாத்தி · 11.30
நான் பொதுவாச் சொன்னன். கிளவுட்ல கொப்பி வைச்சுத் தாற பேக்பிளேஸ் கம்பனி 2013ல இரிந்து தங்கட டிஸ்க் எத்தனை சாகுது எண்டு கணக்கு வெளியிடுது. 2024ல 1.57 வீதம். அவங்களே கொப்பி வைக்காம இரிக்கிறதில்ல.

வாவிக்கரையான் · 11.32
அந்தக் கட்டடத்துல கதிரையும் இல்ல, மகனும் இல்ல.

மருதமுனை_தறி · 11.41
கிளவுடோ டிஸ்கோ, எனக்கு அந்தச் சண்ட வேணாம். 2004ல எங்கட ஊட்டுல வாப்பா உம்மாட கலியாண அல்பமும் இரிந்த, அதுட நெகடிவும் இரிந்த. வாப்பா கவனமான மனுசன், ரெண்டையும் ஒரே அலுமாரிக்குள்ள பூட்டித்தான் வைச்சிரிந்தாரு. டிசம்பர் 26 காலம அலுமாரியும் இல்ல, அறையும் இல்ல. இன்னைக்கு எங்களுக்கிட்ட இரிக்கிற ஒரே படம், சம்மாந்துறையில சாச்சிட ஊட்டுச் சுவருல மாட்டியிரிந்த ஒண்டுதான். கடலுக்கு அங்கால ஒரு கொப்பி வைங்க லாத்தா. எதுல வைச்சாலும் பரவால்ல.

வாவிக்கரையான் · 11.44
நாவலடியிலயும் இதே கதைதான் காக்கா. ஆனா வாவிக்கு அங்கால வைச்சாலும் 2011 வெள்ளத்த மறக்கப்படாது. நிலத்துல வைக்க வேண்டாம்.

களுவாஞ்சி_மெக்கானிக் · 11.46
டிவிடில எரிச்சு வைச்சா?

டெக்_வாத்தி · 11.47
கடவுளே.

கழுதாவளை_வெற்றிலை · 11.58
கமெராதான். தம்பிட. கார்ட் அவன்ட கமெராவுக்குள்ளயே இரிக்காம். எல்லாம் அழிச்சிட்டானாம், பொறகு ஒரு பிறந்தநாள் மட்டும் எடுத்தானாம்.

பாடுமீன்82 · 11.59
கமெராவ ஓப் பண்ணச் சொல்லுங்க! இனி ஒரு படம்கூட எடுக்கப்படாது. அழிச்சாலும் பெயரத்தான் அழிக்கும், மேல வேற எழுதுற வரைக்கும் உள்ள அப்படியே கிடக்கும். போட்டோரெக் எண்டு அழிஞ்சத எடுக்கிற சொப்ட்வெயார் ஒண்டு இரிக்கு, காசு இல்ல. கார்ட்ட லெப்டொப்பில போட்டு ஓட்டுங்க. எடுக்கிறத அந்தக் கார்ட்டிலயே போடாம லெப்டொப்பில போடுங்க. பெரிய வீடியோ சிலது உடைஞ்சு வரும், பரவால்ல. முடியாட்டி நாளைக்குப் பின்னேரம் எழுதுங்க, படிப்படியாச் சொல்லுறன்.

(ஒன்பது நாளுக்குப் பிறகு)

வாவிக்கரையான் · காலை 7.30
தங்கச்சி, என்ன நடந்தது?

கழுதாவளை_வெற்றிலை · இரவு 8.05
சொல்ல மறந்திட்டன், மன்னிக்கோணும். கார்ட்டில 2023 களரி முக்கால்வாசி வந்திட்டு. மத்தளம் சொல்லிக்குடுக்கிறது அதுல இல்ல, அது வேற கார்ட்டாம். கொழும்பில கேட்டன், விலை கையில இல்ல, டிஸ்க் அலுமாரியில இரிக்கு. ரெண்டு புது டிஸ்க் வாங்கி ரெண்டிலயும் போட்டாச்சு. ஒண்டு வெல்லாவெளியில அக்கா வீட்டுல, பரண்ல. எல்லாருக்கும் நன்றி.

வாவிக்கரையான் · 8.11
நல்லது. எந்தக் கம்பனி?

கழுதாவளை_வெற்றிலை · 8.40
ஒண்டு நீலம், ஒண்டு சிவப்பு.