சேனல் வருமானம்: எதைக் கணக்கில் எழுதுவது, வரிக்கு எவ்வளவு ஒதுக்குவது?

திரைக்குப்பின் எழுதியது:

வணக்கம். மென்பொருள் பாடங்களைக் காணொளிகளாக வெளியிடும் சேனல் ஒன்றை நடத்தி வருகிறேன். யூடியூப் விளம்பரப் பங்கு, எப்போதாவது வரும் ஸ்பான்சர் தொகை, உறுப்பினர் சந்தா என மூன்று வழிகளில் வரும் பணமும் வீட்டுச் செலவுக்கான அதே வங்கிக் கணக்கில்தான் விழுகிறது. சென்ற ஆண்டு ஒரு காணொளியைப் பலரும் பார்த்ததால் இரண்டு மாதங்கள் நல்ல வரவு இருந்தது; அதை நம்பிப் புதிய கேமராவும் கணினியும் வாங்கினேன். வரி கட்ட வேண்டிய நாள் வந்தபோது வரவு பழைய நிலைக்கும் கீழே இறங்கியிருந்ததால், கடன் வாங்கித்தான் கட்டினேன். போதாக்குறைக்கு, சேனல் பக்கம் காட்டும் தொகையும் வங்கிக்கு வந்த தொகையும் எந்த மாதமும் ஒத்துப்போவதில்லை. வருமானமாக எந்தத் தொகையை எழுத வேண்டும், வரிக்கென எத்தனை விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பேரேடு எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். வங்கிக்கு வந்து சேர்ந்த தொகை, பிடித்தங்கள் போக மிஞ்சியதே தவிர உங்கள் முழு வருமானம் அன்று.

நீங்கள் பார்க்கும் வித்தியாசத்தில் ஒரு பகுதி காலத்தால் வருவது. மாதம் முழுவதும் சேனல் பக்கம் காட்டுவது மதிப்பீடு மட்டுமே. அடுத்த மாதம் 7 முதல் 12ஆம் தேதிக்குள் அது உறுதி செய்யப்பட்டு, 100 டாலரை எட்டியிருந்தால் 21 முதல் 26ஆம் தேதிக்குள் அனுப்பப்படுகிறது. ஆகவே கணக்காண்டின் கடைசி மாத வருவாய் அடுத்த ஆண்டில்தான் கைக்கு வரும். ஈட்டிய மாதத்தில் எழுதுவதா, பணம் வந்த மாதத்தில் எழுதுவதா என்பதை உங்கள் நாட்டு விதிப்படி ஒருமுறை முடிவு செய்துவிட்டு, பிறகு ஆண்டுக்கு ஒன்றாக மாற்றாதீர்கள்.

இன்னொரு பகுதி அமெரிக்க வரிப் பிடித்தம். 2021 முதல், அமெரிக்காவுக்கு வெளியே வசிப்பவர்களின் வருவாயில் அமெரிக்கப் பார்வையாளர்கள் வழியாக வரும் பங்குக்குக் கூகுள் வரி பிடிக்கிறது. ஒரு மாதத்தில் 2,000 டாலர் ஈட்டி, அதில் 300 டாலர் மட்டும் அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவுடன் வரி ஒப்பந்தம் இல்லாத நாட்டவருக்கு 30 விழுக்காட்டின்படி 90 டாலர் போகும். ஒப்பந்தம் இருந்தால் இன்னும் குறையலாம். ஆனால் தனிநபர் ஒருவர் கூகுளிடம் வரிப் படிவத்தையே தராமல் விட்டிருந்தால், மொத்த 2,000 டாலர் மீதும் 24 விழுக்காடு, அதாவது 480 டாலர் பிடிக்கப்படும். முறையாகப் பிடித்த வரியை உள்நாட்டு வரியில் கழித்துக்கொள்ளப் பல நாடுகள் இடம் தருகின்றன. அதற்கு முழுத் தொகையை வருமானமாகவும், பிடித்ததைத் தனி வரியாகவும் எழுதியிருக்க வேண்டும். வங்கி வரவை மட்டும் எழுதிவைத்தவர் கழிக்கக் கேட்க வழியில்லாமல் நிற்பார்.

ஏட்டுக்கணக்கர் எழுதியது:

இவ்வகைக் கணக்குகளைப் பார்ப்பது என் தொழில். வரிக்கென எல்லோரும் 30 விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்று ஒரே எண்ணைச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். சென்ற ஆண்டு கட்டிய மொத்த வரியை மொத்த வரவால் வகுத்துப் பாருங்கள். 20,000 வரவுக்கு 3,000 கட்டியிருந்தால் 15 விழுக்காடு ஆகிறது. வரவு கூடினால் கூடுதல் தொகை உயர்ந்த வரி அடுக்கில் விழக்கூடும் என்பதால், நான் 20 அல்லது அதற்கும் சற்று மேலே ஒதுக்கச் சொல்வேன். பணம் வந்த அன்றே அந்தப் பங்கை வேறொரு கணக்கிற்கு மாற்றிவிட வேண்டும். மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட தொகை மாதக் கடைசியில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆண்டின் நடுவிலேயே தவணைகளாக முன்வரி கட்டச் சொல்லும் நாடுகளில், இப்படி ஒதுக்கி வைக்காமல் தவணை தவறினால் வட்டியும் சேரும்.

கேமரா பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வரியைக் குறைக்கத்தான் வாங்கினேன் என்று பலர் என்னிடம் பெருமையாகச் சொல்வதுண்டு. 1,000 கொடுத்து வாங்கிய கருவியை முழுவதும் செலவாகக் காட்ட முடிந்தால்கூட, 20 விழுக்காடு வரி கட்டுபவருக்கு மிஞ்சுவது 200 மட்டுமே; மற்ற 800 கையை விட்டுப் போனது போனதுதான். பல இடங்களில் அதையும் ஒரே ஆண்டில் காட்ட முடியாது, தேய்மானமாகச் சில ஆண்டுகளுக்குப் பிரித்தே காட்ட வேண்டும். கணினியில் வீட்டார் விளையாடுவதும் உண்டென்றால் தொழிலுக்கான பங்கை மட்டும் எழுதுங்கள். ஸ்பான்சர்கள் விலையின்றி அனுப்பும் பொருள்களும் பல நாடுகளில் வருமானமாகவே கொள்ளப்படுகின்றன என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

ஒளிப்பதிவன் எழுதியது:

ஒதுக்குவது சரி, ஆனால் மீதிப் பணம் முழுவதும் செலவுக் கணக்கில் இருந்தால் நல்ல மாதத்தில் கை நீளத்தான் செய்யும். சென்ற ஆண்டின் மிகக் குறைந்த மூன்று மாதங்களின் சராசரியை எனக்கு நானே சம்பளமாக வைத்துக்கொண்டு, எஞ்சியதைச் சேனல் கணக்கிலேயே விட்டுவைக்கிறேன். வரவு படுத்த மாதங்களிலும் அதே சம்பளம் வந்துவிடுகிறது.

திரைக்குப்பின் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பேரேடு சொன்னதைப் படித்துவிட்டு வரித் தகவல் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். படிவத்தைப் பாதியில் சேமித்துவிட்டு நான் சமர்ப்பிக்கவே இல்லை. இத்தனை மாதங்களும் போனது அந்த 24 விழுக்காடுதான். அதை உள்நாட்டு வரியில் கழித்துக்கொள்ள முடியுமா?

ஏட்டுக்கணக்கர் எழுதியது:

படிவம் தராததால் கூடுதலாகப் போனதை உள்நாட்டு வரித்துறை ஏற்கும் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். இன்றே சமர்ப்பியுங்கள், காலண்டர் ஆண்டு முடிவதற்குள் செல்லுபடியாகும் படிவம் போய்ச் சேர்ந்தால், அந்த ஆண்டில் அதிகமாகப் பிடித்ததைக் கூகுளே திருப்பித் தர வாய்ப்பு உண்டு. கையொப்பமிட்ட ஆண்டுக்குப் பிந்தைய மூன்றாம் ஆண்டின் இறுதியில் டபிள்யூ-8 பென் படிவம் (அமெரிக்கர் அல்லாத தனிநபர் தரும் அந்த வரிப் படிவம்) பொதுவாகக் காலாவதியாகிவிடும், அந்தத் தேதியையும் இப்போதே குறித்து வையுங்கள்.