பழைய பிலிம் துண்டுகளைப் பாட்டுக்கு வெட்டும்போது தாளம் விலகுது, ஏன்?

குகை_ரீல்:
செவ்வாய்ப்பேட்டைல எடைக்கு வாங்கின 16 எம்எம் துண்டுகள், மொத்தம் 200 அடி. கூட ஒரு 35 எம்எம் கலர் சுருள். 16 எம்எம்மை ஸ்கேன் பண்ணியாச்சு. மூணு நிமிஷ எலக்ட்ரானிக் டிராக், 118 பிபிஎம் (நிமிஷத்துக்கு 118 பீட்). நொடிக்கு 24 பிரேம் (தனிப்படம்) ஓடுற டைம்லைன்ல பீட்டுக்கு 12 பிரேம் வீதம் வெட்டுறேன். ஆரம்பத்துல சரியா விழுது, 15வது நொடியில ரெண்டு பீட்டுக்கு நடுவுல விழுது, 30ல தானா சேர்ந்துக்குது! அப்புறம், 35 எம்எம் சுருள்ல வினிகர் வாடை. என்ன செய்யலாம்?

அழகாபுரம்_எடிட்டர்:
12 பிரேம்ங்கிறது 120 பிபிஎம் கணக்கு. 118க்கு 12.2 வரும். 60 ஷாட் போட்டா 720 பிரேம், அதாவது 30 நொடி. அந்த 30 நொடியில பாட்டுல 59 பீட்தான் இருக்கு. சேர்ந்துக்கலைங்க, ஒரு முழு பீட் தள்ளிப்போச்சு. நாலு ஷாட் 12, அஞ்சாவது 13ன்னு போடுங்க. பாட்டு முடியும்போது ஒரு பிரேம் சொச்சம்தான் விலகும். அதுவும் வேண்டாம்னா அலைவடிவத்தைப் பார்த்து மார்க்கர் வெச்சு வெட்டுங்க.

கன்னங்குறிச்சி_பிரிண்ட்:
வினிகர் வாடைன்னா பிலிமோட அடித்தளமான அசிடேட் பிளாஸ்டிக் சிதைய ஆரம்பிச்சாச்சு. அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும், இன்னிக்கே பிரிச்சு வைங்க. டப்பாவை இறுக்கி மூடாதீங்க. சுருங்கின பிலிமைப் புரொஜெக்டர்ல ஓட்டினா பல்சக்கரம் துளையைக் கிழிச்சிடும். எல்இடி பலகை மேல வெச்சு மேக்ரோ லென்ஸ்ல பிரேம் பிரேமா எடுங்க. பூஞ்சை இருந்தா தண்ணி படவே கூடாது, எமல்ஷன் (படம் பதிஞ்சிருக்கிற பூச்சு) கரைஞ்சு வந்துடும். குளிர்ச்சியா இருக்கும்னு ஏற்காட்டுல கொண்டுபோய் வைக்கிற யோசனை வேண்டாம், அந்தப் பனிமூட்ட ஈரம்தான் பூஞ்சைக்குத் தீனி.

அம்மாபேட்டை_மாண்டாஜ்:
தாளக் கணக்கு சரிதான். ஆனா எதுக்கு பீட்டுக்கு பீட் வெட்டணும்? பத்தாவது நொடியிலயே கண்ணு அடுத்த வெட்டை எதிர்பார்த்துடும். 200 அடின்னா 8000 பிரேம், பாட்டுக்குத் தேவை 4320. பாதிக்கு மேல போட்டாகணும், கழிக்க இடம் கம்மி. நடுவுல கறுப்பு லீடர் (படமில்லாத வெறும் பிலிம்) விடுங்க, ஒரே துண்டைத் திரும்பக் கொண்டுவாங்க.

அமெரிக்கக் கலைஞர் புரூஸ் கானரோட 1958 படம் ‘எ மூவி’ பாருங்க. பின்னணி இத்தாலிய இசையமைப்பாளர் ரெஸ்பீகியோட ‘பைன்ஸ் ஆஃப் ரோம்’. நீர்மூழ்கிக் கப்பல்காரர் பெரிஸ்கோப்ல பார்ப்பார், அடுத்து பிகினி போட்ட பொண்ணு, அடுத்து டார்பிடோ, அப்புறம் அணுகுண்டுப் புகைக் காளான். நாலும் நாலு இடத்துச் சரக்கு. சிரிப்பு வர்றது அடுக்கின வரிசையால, தாளத்தால இல்ல.

குகை_ரீல்:
நன்றிங்க. 16 எம்எம் துண்டுகள்ல இருக்கிற பழைய ஒலியையும் அங்கங்க சேர்க்கலாமா? பிலிம் ஓரத்து ஒலிப்பட்டையையும் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கேன், ஆனா படத்தோட ஒட்டவே மாட்டேங்குது.

கன்னங்குறிச்சி_பிரிண்ட்:
ஒட்டாதுங்க. 16 எம்எம்ல ஒலி படத்துக்கு 26 பிரேம் முன்னாடி அச்சாகியிருக்கும். படத்துக்குப் பக்கத்துல தெரியுற ஒலி, ஒரு நொடிக்கு அப்புறம் வர்ற படத்தோடது. 26 பிரேமை விடச் சின்னத் துண்டுல இருக்கிறது வெட்டிப்போன வேற படத்தோட சத்தம்தான். நீளமான துண்டுன்னா ஒலியை 26 பிரேம் பின்னாடி தள்ளுங்க. சின்னதை அப்படியே விட்டுடுங்க, கொலாஜுக்கு (துண்டுகளை ஒட்டிச் செய்யுற படத்துக்கு) அதுவும் நல்லாத்தான் இருக்கும்.