கன்னத்தில் பரு விட்டுப்போன குழிகள்: லேசரா, ஊசியா, வேறு வழி இருக்கிறதா?

தேன்துளி கேட்டது:

வணக்கம். வயது 26, மாநிறம். பள்ளி நாட்களில் தொடங்கிய பரு இப்போது பெரும்பாலும் அடங்கிவிட்டது, தாடைப் பக்கம் மட்டும் மாதத்தில் ஒன்றிரண்டு வரும். பிரச்சினை அது விட்டுப்போன குழிகள்தான். சில ஊசியால் குத்தினது போல சின்னதாக ஆழமாக இருக்கின்றன, சில அகலமாக, தோல் அலை அலையாக இருப்பது மாதிரி. பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் அப்படியே தெரிகிறது. கூடவே பழுப்புப் புள்ளிகளும் உண்டு. சீரம், தழும்பு க்ரீம் எல்லாம் போட்டாயிற்று, புள்ளிகள் கொஞ்சம் வெளுத்தன, குழி அப்படியே நிற்கிறது. ஒரு டாக்டர் லேசர் என்கிறார், இன்னொருவர் மைக்ரோநீட்லிங் (நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்துவது) போதும் என்கிறார். வீட்டிலேயே சின்ன ஊசிகள் பதித்த டெர்மா ரோலரை உருட்டலாம் என்று வீடியோக்களும் வருகின்றன. என் தங்கைக்கும் பரு வந்தது, அவள் முகத்தில் ஒரு தடமும் இல்லை. எனக்கு மட்டும் ஏன் இப்படி?

கருவேலன்:

முதலில் புள்ளியையும் குழியையும் பிரித்துப் பாருங்கள். பழுப்புப் புள்ளி என்பது நிறமாற்றம் மட்டும்தான், தழும்பு இல்லை. சன்ஸ்கிரீன் ஒழுங்காகப் போட்டு வந்தாலே மாதக்கணக்கில் மங்கிவிடும். குழி என்பது தோலின் உள் அடுக்கு கரைந்து போன இடம். பரு உள்ளே வீங்கி வெடிக்கும்போது, அந்த அழற்சியில் வெளிவரும் நொதிகள் தோலைத் தாங்கும் கொலாஜன் புரதத்தையும் தின்றுவிடுகின்றன, பிறகு ஆறும்போது இழந்த அளவுக்குப் புதிய கொலாஜன் உருவாவதில்லை, அதனால் மேல்தோல் உள்வாங்கிவிடுகிறது. இதைத்தான் அட்ரோஃபிக் தழும்பு என்கிறார்கள். பெரியம்மை, சின்னம்மைத் தழும்பும் இதே வகைதான். உங்கள் தங்கைக்கு ஏன் வரவில்லை என்றால், அழற்சி எவ்வளவு ஆழம் போனது, எவ்வளவு நாள் நீடித்தது, கிள்ளினாரா, பரம்பரை எப்படி, இதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். நீங்கள் ஏதோ தப்பு செய்ததால் வந்தது என்று நினைக்காதீர்கள்.

இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னதில் ஆச்சரியமில்லை, உங்களுக்கு ஒரே வகைக் குழி இல்லையே. ஊசிக்குத்து போல இருப்பது ஐஸ்பிக், 2 மில்லிமீட்டருக்கும் குறைவான அகலம், ஆனால் ஆழம் அதிகம். லேசரும் நீட்லிங்கும் அதன் அடிவரை அவ்வளவாக எட்டுவதில்லை. அதற்கு டிசிஏ கிராஸ் என்று ஒரு முறை இருக்கிறது, 2002-இல் கொரிய மருத்துவர்கள் எழுதியது. 70 முதல் 100 சதவீத டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைக் குழிக்குள் மட்டும் ஒரு பொட்டு வைப்பார்கள், உள்ளே புண்ணாகி ஆறும்போது குழி அடியிலிருந்து மேலேறி வரும். மிக ஆழமானதை வெட்டி எடுத்துத் தைப்பதும் உண்டு. அலை அலையாக இருப்பது ரோலிங் வகை, அதில் தோலை அடியிலிருந்து நார்கள் இழுத்துப் பிடித்திருக்கும். அந்த நாரை அறுக்காமல் மேலே என்ன செய்தாலும் பாதிப் பலன்தான். தோலுக்கு அடியில் ஊசியை விட்டு அறுப்பதற்குப் பெயர் சப்சிஷன். மூன்றாவது வகை பாக்ஸ்கார், ஓரம் செங்குத்தாக, அடி தட்டையாக இருக்கும். ஆழமில்லாத பாக்ஸ்காருக்கு நீட்லிங்கும், புள்ளி புள்ளியாகத் தோலில் பாயும் ஃப்ராக்ஷனல் லேசரும் நன்றாகவே கேட்கும்.

ஆகவே டாக்டரிடம் "எது நல்லது" என்று கேட்பதை விட "எந்தக் குழிக்கு எது" என்று கேளுங்கள். எல்லாருக்கும் ஒரே பேக்கேஜ் நீட்டுகிற இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடலாம்.

நிலாமுற்றம்:

மேலே சொன்னது எல்லாம் சரி, இரண்டு விஷயம் சேர்க்கிறேன். மாநிறம், கறுப்பு நிறத் தோலில் லேசரின் சூடு பட்ட இடம் சில வாரம், சில மாதம்கூட கறுத்து நிற்க வாய்ப்பு அதிகம். அதனால் லேசரே கூடாது என்றில்லை, லேசர் பாயும் புள்ளிகளின் அடர்த்தியைக் குறைத்து, இடைவெளி விட்டுச் செய்வார்கள். நீட்லிங்கில் சூடு இல்லாததால் இந்த ஆபத்து குறைவு, நம் நிறத்துக்குப் பலர் அதிலிருந்து தொடங்குவது அதனால்தான். உதட்டில் அடிக்கடி அக்கி வருகிறதா, உடம்பில் எங்காவது கெலாய்டு, அதாவது புடைத்து வளரும் தழும்பு இருக்கிறதா, இதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டு ரோலர் தயவுசெய்து வேண்டாம். குழிக்குப் பயன்படும் ஊசி 1.5 மில்லிமீட்டர் அளவுக்கு மேல் இறங்க வேண்டும், அந்த ஆழத்தை மரத்துப்போகும் க்ரீமும் கிருமி நீக்கமும் இல்லாமல் செய்தால் தொற்றுதான் வரும். வீட்டு ரோலரின் சின்ன ஊசி குழியின் பக்கத்தில்கூடப் போகாது. பரு இருக்கிற இடத்தில் உருட்டினால் அந்தக் கிருமி முகம் முழுக்கப் பரவும். அமிலத்தை ஆன்லைனில் வாங்கித் தானே பொட்டு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், நினைத்தாலே பயமாக இருக்கிறது.

ஆற்றுமணல்:

எனக்கு ரோலிங் வகை, சப்சிஷன் செய்து பிறகு நீட்லிங் போனேன். மரக்க ஊசி போட்டுத்தான் செய்வார்கள், வலி பொறுக்கும்படி இருந்தது, ஆனால் கன்னம் நீலமாகக் கன்றிப்போய் ஒரு வாரம் வெளியே போகவே தயக்கமாக இருந்தது. விசேஷம் ஏதாவது இருந்தால் தள்ளி வையுங்கள். பலன் உடனே தெரியாது, புதிய கொலாஜன் உருவாகி இறுக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். முழுக்க மறையவில்லை, பாதிக்கு மேல் குறைந்தது, எனக்கு அதுவே பெரிய நிம்மதி. ஒரே மாதிரி வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தினமும் கண்ணாடி பார்த்து ஒன்றும் மாறவில்லை என்று மனசு உடைந்துபோகும்.

தேன்துளி:

எல்லாருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. இன்னும் ஒன்று: தாடையில் வரும் பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை தரலாம் என்றார்கள். அதைச் சாப்பிட்டால் குழி சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டுமா?

கருவேலன்:

முன்பெல்லாம் மாத்திரை நிறுத்தி ஆறு மாதம், ஒரு வருடம் காத்திருக்கச் சொல்வார்கள். 2017-இல் அமெரிக்கத் தோல் அறுவை மருத்துவர்கள் சங்கம் இதை அலசி, மேல்தோலை எடுக்காத ஃப்ராக்ஷனல் லேசர் போன்றவற்றை அப்படித் தள்ளிப்போடப் போதிய ஆதாரம் இல்லை என்றது. தோலை இயந்திரத்தால் தேய்த்து எடுக்கும் டெர்மாபரேஷனுக்கும், மேல்தோலை முழுவதுமாக எடுக்கும் லேசருக்கும் எச்சரிக்கை தொடர்கிறது. உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். கர்ப்பத் திட்டம் இருந்தால் அந்த மாத்திரை அறவே கூடாது, குழந்தைக்குப் பெரிய ஆபத்து, அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மற்றபடி பருவை முதலில் நிறுத்துங்கள், குழிக்கு அப்புறம் போகலாம். ஒரு பக்கம் பழையதை நிரப்பிக்கொண்டே இன்னொரு பக்கம் புதுக் குழி விழ விடுவதில் அர்த்தமில்லை.